கூரை ஏறும் சட்டி



ஐப்பசி அடைமழையில் இந்த இதழ் உங்கள் வீடு வந்து சேர்கிறது. தாளில் கொஞ்சம் ஈரம் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அச்சகத்தில் சொல்லியிருக்கிறோம்.

மழை இறங்கினால் உழவர் வீட்டில் வேலை தொடங்கும், குயவர் வீட்டில் வேலை நின்றுபோகும். வனைந்தது காயாது. காயாததைச் சூளையில் அடுக்கினால் வெடிக்கும். நனைந்த விறகும் வைக்கோலும் புகையைத் தவிர வேறெதையும் தராது. இதற்காகத்தான் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாயை அரசு தருகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னை உறுத்துவது மழை விட்ட பிறகு வரும் மாதங்கள். கார்த்திகைக்கு அகல் விளக்கு, தைக்குப் பொங்கல் பானை, சித்திரையில் தண்ணீர்ப் பானை என்று மூன்று அலை அடித்து ஓய்ந்தால் வருடம் முடிந்தது. நடுவில் சக்கரம் சும்மா கிடக்கிறது. அதைச் சுற்றிய கை சித்தாள் வேலைக்குப் போகிறது. யாரோ கட்டும் வீட்டுக்குச் சிமெண்டுச் சட்டி தூக்கும் அந்தக் கையைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

தை பிறந்தால் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் ஒரே காட்சி வரும். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், முன்னால் சக்கரம், பக்கத்தில் அடுக்கிய பானை, கீழே ‘நலிந்துவரும் மண்பாண்டத் தொழில்’ என்ற தலைப்பு. பொங்கல் பரிசுத் தொகுப்பில் பானையையும் அடுப்பையும் சேர்க்க வேண்டும் என்று மண்பாண்டத் தொழிலாளர் சங்கங்கள் ஆண்டுதோறும் கேட்பதும் அதே வாரத்துச் செய்திதான். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் ஒரு குடும்பம் வருடத்துக்கு ஒரு பானை வாங்கும். அதையும் பத்திரமாக எடுத்துவைத்து அடுத்த வருடம் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. சமையலறையை நம்பி இந்தத் தொழிலை மீட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் பிடித்த இடத்தை இனி மண் முழுதாகத் திரும்பப் பெறாது. மண்சட்டியில் மீன்குழம்பு ருசிதான். ஆனால் ருசிக்காக வாங்குகிற சட்டி ஊருக்குப் பத்துப் பேருக்குச் சோறு போடாது.

வேறு வாசல் ஒன்று இருக்கிறது. அது அடுப்படியில் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது.

கள்ளக்குறிச்சியை வைத்துப் பேசுகிறேன். பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் விழுப்புரம் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மேற்கே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. அந்தப் பக்கம் இறங்கினால் சேலம் மாவட்டம். மலையில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்துக்காரர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் மலை. கடுக்காய், புளி, தேன் இறங்கி வரும் மலை. 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலையும் இதுதான். நாடு விடுதலையடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்துத்தான் அரசு இங்கே முழுதாக ஏறி வந்தது.

சமீபத்தில் இந்த மாவட்டத்தின் பெயர் நாடு முழுவதும் ஒலித்தது ஒரு துயரத்தால். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதையொட்டிக் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி என்று கேள்விகள் நீண்டன. வேலை என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. கவுரவமான, ஊருக்குள்ளேயே கிடைக்கிற வேலை.

மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி அணை. கோமுகியும் மணிமுக்தாவும் மலையில் பிறந்து சமவெளிக்கு வருகிற ஆறுகள். வரும்போது மலையின் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகின்றன. ஏரிகளில் அது படிந்து களியாகிறது. குயவர் மிதித்துப் பிசைவது அந்தக் களியைத்தான். மலை இறக்கிவிட்ட மண்ணைச் சுட்டுத் திரும்ப மலைக்கே ஏற்றி, அங்கே கட்டுகிற வீட்டுக்குக் கூரையாக வைத்தால் என்ன?

கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். குயவர் கட்டடத்துக்குப் புதியவர் இல்லை. கீழடியில் கிடைத்தவற்றில் கூரை ஓடுகள் உண்டு, உறைகிணறுகள் உண்டு. உறை என்பது சுட்ட மண் வளையம். ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் கிணறு. புகாரிலும் அரிக்கமேட்டிலும் கொற்கையிலும் அப்படிக் கிணறுகள் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஊரின் நிலத்தடி நீர் ஏற்பாடே குயவர் பொறுப்பில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. நெல் கொட்டி வைக்கும் குதிர், இறந்தோரை வைக்கும் தாழி, ஐயனார் கோயில் முன்னே ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் குதிரை என்று பெரியது செய்யப் பழகிய கை அது. பானை, அவர்கள் செய்ததில் சின்னப் பொருள்.

நாட்டு ஓடு எப்படிச் செய்தார்கள் என்று இளைய வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சக்கரத்தில் ஒரு குழாய் வனைவார்கள், ஒரு முனை சற்றே குறுகலாக. பாதி காய்ந்ததும் நீளவாக்கில் கீறி இரண்டாகப் பிளப்பார்கள். சுட்டால் இரண்டு ஓடு. ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் தேவைப்படும். குரங்கு, புயல் புண்ணியத்தில் ஆண்டுதோறும் மாற்றவும் வேண்டியிருக்கும். ஊர்க் குயவருக்கு அதுவே நிலையான வருமானம். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. எந்திரத்தில் அழுத்திய தட்டை ஓடு ரயிலேறி ஊர் ஊராக வந்தது. பின்னால் வந்த சிமெண்டு மிச்சத்தையும் முடித்துவைத்தது. அலுமினியப் பானை வந்து குயவர் கெட்டார் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வெகுகாலம் முன்பே கூரை அவர் கையை விட்டுப் போயிருந்தது. சமையலறைப் போட்டி இரண்டாவது அடி. முதல் அடி கூரையில் விழுந்தது.

கூரையைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தவர்கள் கள்ளக்குறிச்சிக்கு வெகு தூரத்தில் இல்லை, புதுச்சேரியில் இருக்கிறார்கள். ரே மீக்கர் என்ற அமெரிக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். மீக்கர் கட்டடக்கலை படிக்கப் போய் மண்பாண்டத்துக்கு மாறியவர். பழைய படிப்பு அவரைச் சும்மா விடவில்லை. ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி, மண்ணால் கட்டிய வீட்டை அப்படியே தீயிட்டுச் சுட்டுக் கல்லாக்கலாம் என்று சொல்லிச் செய்தும் காட்டியிருந்தார். மீக்கர் 1980களின் நடுவில் அதைப் புதுச்சேரி மண்ணில் முயன்றார். பச்சை மண் கல்லால் வளைவுக் கூரையோடு வீடு எழுப்புவது. உள்ளே சுடாத செங்கல், ஓடு, பாண்டம் என்று கூரை முட்ட அடுக்குவது. வாசலையும் சன்னலையும் அடைத்து நாள்கணக்கில் எரிப்பது. வீடே சூளை. ஆறியதும் உள்ளிருக்கும் சரக்கை எடுத்து விற்றால் விறகுச் செலவின் பெரும்பகுதி திரும்பிவிடும், வீடும் சுட்டுக் கெட்டியாகிவிடும்.

கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் இது பரவவில்லை. ஒரு வீட்டைச் சுடுவதற்கு எவ்வளவு எரிபொருள், எவ்வளவு கைப்பழக்கம், எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்தால் காரணம் புரியும். சூட்டில் ஒரு சூளைப் பானை விரிந்தால் தூக்கிப் போடலாம், சுவர் விரிந்தால்? இருந்தும் அந்த முயற்சி வீண்போகவில்லை. கட்டடக் கலைஞர் அனுபமா குண்டு அதே முறையில், மீக்கரின் துணையோடு, புதுச்சேரியில் வொலன்டாரியா அமைப்புக்காக ஆதரவற்ற குழந்தைகளுக்கு வீடுகள் கட்டினார். 2008இல் முடிந்த வேலை அது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் 2000இல் ஆரோவில்லில் தமக்குக் கட்டிக்கொண்ட வால் ஹவுஸ். சுவருக்கு நம் ஊர் சின்னச் செங்கல், அச்சுக்கல். நடுக்கூடத்தின் வளைவுக் கூரைக்கு உள்ளூர்க் குயவர்கள் சக்கரத்தில் வனைந்த மண்குழல்கள். ஒன்றின் குறுகிய முனை அடுத்ததன் வாய்க்குள் நுழைந்து உட்காரும். அப்படியே கோத்துக்கொண்டே போனால் வில்லாக வளையும். வில்லுக்குப் பக்கத்தில் வில்லாகச் சேர்த்தால் கூரை. கம்பியே வேண்டாம். இந்த வித்தைக்கு வயது அதிகம். இத்தாலியில் ராவென்னா நகரத்து சான் விட்டாலே தேவாலயம் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் குவிமாடம் இப்படிக் கோத்த மண்குழல்களால் ஆனது. ரோமர்கள் எண்ணெய்ச் சாடிகளைக்கூட வளைவுக் கூரைக்குள் புதைத்துப் பாரத்தைக் குறைத்திருக்கிறார்கள். வால் ஹவுஸை முழு அளவில் திரும்பக் கட்டி 2012 வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் வைத்தார்கள். ஆரோவில்லுக்குப் பக்கத்துக் கிராமத்துச் சக்கரத்தில் சுற்றிய குழலும் வெனிஸ் வரை பேசப்பட்டது.

வெனிஸ் வரை போனது, விழுப்புரம் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்கு ஏன் வரவில்லை?

அழகான கட்டடம் ஒன்று எழும்பும், படம் எடுப்போம், விருது கிடைக்கும். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் தோட்ட வீட்டுக்கோ மலை விடுதிக்கோ அதே மாதிரி கேட்பார்கள். குயவருக்கு ஒரு முறை ஐந்நூறு குழல் ஆர்டர் வரும், அதோடு சரி. அலங்காரத்துக்குச் சந்தை சின்னது. கள்ளக்குறிச்சிக்கே இதில் அனுபவம் உண்டு. இந்தப் பக்கத்து மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். பக்கத்துப் புதுச்சேரியில், வில்லியனூரின் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ வந்தது, அதுவும் பெருமைதான். ஒரு கலைஞரை உயர்த்த விருது போதும். ஒரு தெருவையே வாழவைக்க வேண்டுமானால், எல்லோரும் வாங்கியே தீர வேண்டிய ஒரு பொருளுக்குள் மண் புகுந்தாக வேண்டும். இன்றைக்குத் தமிழ்நாட்டில் எல்லோரும் வாங்கியே தீரும் பொருள் கான்கிரீட் தளம்.

கான்கிரீட்டை ஒழிக்கச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. மலையில் மூங்கில் தட்டி வைத்து மண் பூசி, புல் வேய்ந்த வீட்டில் வளர்ந்த ஒரு பெண், மகள் கல்யாணத்துக்குள் மெத்தை வீடு வேண்டும் என்று நினைக்கிறாள். அவளிடம் போய், புல் வீடுதான் குளிர்ச்சி, அதிலேயே இரும்மா என்று சொல்ல, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதுகிற நமக்கு வாய் வரக் கூடாது. தீப்பிடிக்காத, ஒழுகாத, வருடத்துக்கு ஒரு முறை பிரித்து மேய வேண்டாத கூரை அவள் உரிமை. அந்த மெத்தைக்குள்ளேயே சட்டியை வைக்க முடியும் என்பதுதான் சேதி.

ஃபில்லர் ஸ்லாப் என்பார்கள் பொறியாளர்கள். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதைப் பரப்பினார். விஷயம் எளிது. தளத்தின் மேல்பாதி அமுக்கத்தைத் தாங்குகிறது, அது கான்கிரீட்டின் வேலை. கீழ்ப்பாதியில் இழுவை, அதைத் தாங்குவது கம்பி. கீழ்ப்பாதியில் இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்குகிறது. அந்தச் சும்மா இடத்தில் கம்பிகளுக்கு நடுவே இலேசான ஒரு பொருளை வைத்துவிட்டால் சிமெண்டும் ஜல்லியும் மிச்சம், தளத்தின் எடையும் குறைவு. பேக்கர் பழைய மங்களூர் ஓடுகளை வைத்தார். நம் பக்கத்தில் சட்டியைக் கவிழ்த்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்ட்ரிங் பலகை மேல் சட்டியை வாய் கீழாகக் கவிழ்த்து, இடைவெளியில் கம்பி கட்டி, மேலே கான்கிரீட் ஊற்றினால் முடிந்தது. பலகையைப் பிரித்ததும் அண்ணாந்து பார்த்தால் வரிசை வரிசையாக வட்டச் செம்மண் குழிகள். சட்டிக்குள் அடைபட்ட காற்று வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். மிச்சம் எவ்வளவு என்பது சட்டியின் வடிவத்தைப் பொறுத்தது. ஆறில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை கான்கிரீட் குறையலாம்.

இங்கே குயவருக்குச் சாதகமான ஒரு நுணுக்கம் இருக்கிறது. சமையல் சட்டிக்கு அடி உருண்டையாக இருக்க வேண்டும். சக்கரத்திலிருந்து இறக்கிய பிறகு, பாதி காய்ந்த பக்குவத்தில், உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அந்த உருண்டை வரும். பெரும் நேரத்தையும் முதுகையும் தின்பது அந்தத் தட்டு வேலைதான். தளத்துக்குள் போகிற சட்டிக்கு உருண்டை அடி தேவையில்லை, சொல்லப்போனால் கூடாது. அடி தட்டையாக, பக்கம் ஓரளவு செங்குத்தாக இருந்தால்தான் கான்கிரீட் அதிகம் மிச்சமாகும். சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து அப்படியே காயவைத்துவிடலாம். அச்சில் அழுத்தியும் செய்யலாம். பல ஊர்களில் பெண்கள் சக்கரத்தில் உட்காரும் வழக்கம் இல்லை; மண் மிதிப்பது, தட்டுவது, தேய்ப்பது, சுமப்பது எல்லாம் அவர்கள் வேலை, வனைவது மட்டும் ஆண் வேலை. அச்சு வந்தால் அந்தக் கதவும் திறக்கும்.

இப்போது ஒரு கணக்கு. கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024இல் தொடங்கியது. வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய். 2030க்குள் எட்டு இலட்சம் குடிசைகளை மாற்றுவது இலக்கு. வீட்டின் அளவு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். வாய் ஓரடி அகலமுள்ள சட்டியை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் இடம் விட்டால் ஒரு சட்டிக்கு ஒன்றரை சதுர அடி. சுவர் மேல் உட்காரும் ஓரங்களில் சட்டி வைக்கக் கூடாது, அங்கே முழு கான்கிரீட்தான் வேண்டும். அதையெல்லாம் கழித்தால் வீட்டுக்கு ஏறக்குறைய 150 சட்டி. நூறு வீட்டுக்கு 15,000. பொங்கல் பானையாக அவ்வளவு விற்க எத்தனை தெருவில் கூவ வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தளத்துச் சட்டிக்கு நாள் கிழமை கிடையாது. மாசியில் வனைந்து ஆனியில் சுட்டு அடுக்கி வைத்தாலும் கெட்டுப்போகாது. மழைக்கு முன்னால் இருப்பு சேர்த்துக்கொள்ளலாம்.

மலைக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. கச்சிராயபாளையத்திலிருந்து மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குச் சிமெண்டும் ஜல்லியும் மணலும் ஏற்றிப்போகிற வண்டி வாடகை வீடு கட்டுகிறவர் தலையில் விழுகிறது. ஏற்ற வேண்டிய பாரம் குறைந்தாலே பணம். சட்டி உடையாதா என்பீர்கள். உடையும். வைக்கோல் போட்டு அடுக்கினாலும் சில உடையும். உடைந்தது மாடியில் செங்கல் ஜல்லியோடு சுண்ணாம்புத் தளத்துக்குப் போகும். அந்தத் தளத்துக்குப் பழைய கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீர் விடுவார்கள். கடுக்காய் இந்த மலைச் சரக்கு என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தடைகளைச் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரம் எழுதுகிறேன் என்று ஆகிவிடும். முதல் தடை களிமண். ஏரியில் மண் எடுக்க மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை அலைந்த காலம் உண்டு. 2024இல் விதியைத் திருத்தி, உழவுக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று அரசு ஆணையிட்டது. பெரிய மாற்றம். ஆனால் குயவருக்குத் தேவையான களி எல்லா ஏரியிலும் கிடைக்காது. எந்த ஏரியில், எந்த மூலையில் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, நெருப்பு. சிமெண்டு ஆலைகள் உலகின் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காட்டுக்குப் பொறுப்பு என்கிறோம். அதைக் குறைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மலைக்காட்டு விறகை வெட்டிச் சட்டி சுட்டால் கணக்கு நேராகாது. திறந்த சூளையில் சூடு பாதிக்கு மேல் காற்றோடு போகிறது. நாலைந்து குடும்பம் சேர்ந்து புகை கீழிறங்கிப் போகும் மாதிரி மூடிய சூளை ஒன்று கட்டிக்கொண்டால் விறகும் குறையும், வெடிப்பும் குறையும். இந்த மாவட்டத்தில் கரும்புச் சோகைக்கும் மரவள்ளிக் குச்சிக்கும் பஞ்சமில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு வெட்டியதும் வயலிலேயே கொளுத்தப்படும் சோகையைச் சூளை வாயில் கொளுத்தினால் யாருக்கும் நட்டமில்லை.

மூன்றாவது தடை எனக்குப் பெரியதாகத் தெரிகிறது: அளவு. சமையல் சட்டி அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் குழம்பு கொதிக்கும். தளத்துக்குள் ஆழம் அரை அங்குலம் கூடினால் மேலே கான்கிரீட் மெலிந்துவிடும். எனவே அளவு வெட்டிய மூங்கில் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வனைய வேண்டும்; மேற்பார்வையாளர் தேறாததைத் தள்ளிவைப்பார், சண்டை வரும். சட்டியை ஊறவைக்காமல் கான்கிரீட் போட்டால் அது ஈரத்தை உறிஞ்சிவிடும். கொத்தனாருக்கு அந்தப் பழக்கம் வர வேண்டும். இதற்குக் கையெழுத்துப் போட ஒன்றியப் பொறியாளருக்குத் தைரியம் வர வேண்டும். முகநூலில் படம் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் ‘இதே மாதிரி போட்டுடுங்க’ என்று சொல்கிற வேலை இது இல்லை. வீட்டுக்கு வீடு கம்பிக் கணக்கு மாறும். பொறியாளர் வரைந்து கொடுத்தபடிதான் செய்ய வேண்டும்.

கடைசித் தடை மனசு சம்பந்தப்பட்டது. கீழே பூசாமல் விட்ட கூரையைப் பார்த்தால், காசு தீர்ந்து பாதியில் நிறுத்திய வீடு என்றுதான் ஊர் சொல்லும். நகரத்தில் செங்கல் தெரிய விட்டால் ரசனை, கிராமத்தில் விட்டால் இல்லாமை. இதை எழுதி மாற்ற முடியாது. பூசிக்கொள்ள விரும்புகிறவர்கள் பூசிக்கொள்ளட்டும். சட்டி உள்ளே இருந்தால் போதும், தெரிந்தாக வேண்டும் என்று குயவர் கேட்கவில்லை. முதல் வீடாக ஏழையின் வீட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். ஊராட்சி அலுவலகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, வனத்துறை விடுதி என்று அரசு தன் கட்டடத்தில் முதலில் போட்டுக் காட்டட்டும். தாசில்தார் தலைக்கு மேலே சட்டி இருந்தால் ஊரார் அதைப் பற்றி வேறு விதமாகப் பேசுவார்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு ரூபாய்ப் பானையை எழுபதுக்குக் கேட்டுப் பழகிய நாம், கட்டடச் சரக்கு என்று வந்ததும் அதே பேரத்தைத் தொடங்கக் கூடாது. செங்கல் சூளைக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம், கம்பிக் கடைக்காரருக்கு வங்கியில் போடுகிறோம். குயவருக்கும் அப்படியே.

இந்த இதழில் கள்ளக்குறிச்சிப் பகுதி பத்துப் பக்கம் வருகிறது. வழக்கமான சமையல் பக்கத்தில், பலரும் கேட்டபடி, மலைச் சாமையில் செய்யும் பதார்த்தங்கள். சிறுகதைப் போட்டி முடிவு அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகிறது. வந்து குவிந்த கதைகளை நடுவர்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தை இதழில் பொங்கல் பானைப் படத்துக்குப் பதிலாகக் கூரைப் படங்கள் போட ஆசை. அதற்கு உங்கள் உதவி வேண்டும். சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர், தியாகதுருகம் பக்கத்தில் இன்னும் சூளை வைக்கிற குடும்பங்களைத் தெரிந்தவர்கள், அவர்களைக் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு எங்களுக்கு எழுதுங்கள். சட்டி வைத்துத் தளம் போட்ட பொறியாளர்களும் கொத்தனார்களும் செலவுக் கணக்கோடு எழுதினால் மகிழ்ச்சி. சரியாக வராமல் போயிருந்தால் அதையும் எழுதுங்கள், அதுதான் மற்றவர்களுக்கு அதிகம் உதவும். அப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்கிறவர்கள் சித்திரையில் வெக்கை எப்படி, ஐப்பசியில் ஒழுகுகிறதா என்று இரண்டு வரி எழுதினாலும் போதும். கார்த்திகை பாதிக்குள் வந்துவிட்டால் சேர்த்துவிடலாம். படம் அனுப்புகிறவர்கள் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து கூரையின் அடிப்பக்கத்தை எடுத்து அனுப்புங்கள். மாடிமேல் ஏறி எடுத்தால் எல்லா மெத்தையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்